கறுப்புத் தண்ணியும் 785 பவுணும்: எங்கள் வீட்டு ஹீற்றிங் கழுவின கதை

வீட்டு ஹீற்றிங்கை, அதாவது சுடுதண்ணி ஓடி அறைகளைச் சூடாக்குகிற பைப்பையும் ரேடியேற்றரையும், கழுவித் திருத்த 785 பவுண் கொடுத்தோம். புதுப் பொயிலர் விலையில் கால்வாசி. கொடுக்கலாமா என்று தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். கொடுக்கலாம். ஆனால் கழுவ வருகிறவர் முதலில் "உங்கட பொயிலர் பிரஷர் ஏன் இறங்குது?" என்று கேட்கவேண்டும். அதைக் கேட்காமல் மெஷினை இறக்குகிறவர் என்றால் ஒரு தேத்தண்ணி கொடுத்து வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வேலை செய்தவரின் பெயரை எழுதவில்லை. அவரே வேண்டாம் என்றார். ஒக்டோபர் தொடங்கினால் மார்ச் வரைக்கும் நாள் நிறைந்துவிடுமாம், புதிதாக யாராவது போன் எடுத்தால் இல்லை என்று சொல்ல மனம் வராதாம். ஆகவே ஆளை விட்டுவிட்டு வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எப்படிச் செய்தார், எதற்கு எவ்வளவு எடுத்தார், எது சரிவந்தது, எது சரிவரவில்லை என்று தெரிந்தால், உங்கள் பக்கத்தில் இருக்கிற ஒருவரை அளந்து பார்க்க உதவும்.

வீடு லண்டன் ஹறோவில், ரெயினர்ஸ் லேன் பக்கம். 1930களில் ரயில் பாதையை ஒட்டி வரிசை வரிசையாகக் கட்டின, இரண்டிரண்டாக ஒட்டின செமி வீடுகளில் ஒன்று. முன்னுக்கு வளைந்த ஜன்னல், பின்னுக்கு முந்தின சொந்தக்காரர் இழுத்துக் கட்டின குசினி. இந்த வீடுகளைக் கட்டின காலத்தில் அறைக்கு அறை நிலக்கரி எரிக்கிற இடம்தான் இருந்தது. பைப்பும் ரேடியேற்றரும் பின்னால் வந்தவை, அதுவும் ஒரே நேரத்தில் வந்தவை இல்லை. கொம்பி பொயிலருக்கு, அதாவது தாங்கி இல்லாமல் ஹீற்றிங்குக்கும் குழாய்க்கும் சுடுதண்ணி தருகிற பொயிலருக்கு, மட்டும் ஒன்பது வயது. பழைய பைப்புக்கும் பழைய ரேடியேற்றருக்கும் நடுவில் கொண்டுவந்து பூட்டின புதுச்சாமான் அது. பூட்டின நேரம் பைப்பைக் கழுவினதாக வீட்டுக் கடதாசிகளில் ஒரு துண்டும் இல்லை.

மாமியின் அறை கீழே, முன்பக்கம். அந்த அறை ரேடியேற்றரின் மேல்விளிம்பைத் தொட்டால் சுடும். முழங்கால் உயரத்துக்குக் கீழே, அதுவும் நடுப்பகுதியில், பச்சைக்குளிர். மேல்மாடியில் பொக்ஸ் ரூம் என்கிற சின்ன அறையில் இருக்கிறது அடியிலிருந்து நுனிவரை சூடேறுவதே இல்லை. குளியலறையில் துவாய் காயப்போடுகிற கம்பி ரேடியேற்றரில் மேல் இரண்டு கம்பி குளிர். எங்கள் படுக்கையறை மட்டும் அவியும். மேலே நாங்கள் ஜன்னலைத் திறந்துவிட்டுப் படுக்க, கீழே மாமி இரண்டு ஸ்வெற்றருக்கு மேல் சால்வையும் போட்டுக்கொண்டு, "உந்த ரேடியேற்றர் பேருக்குத்தான் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

இத்தோடு பிரஷர் பிரச்சினை. பொயிலரின் முன்னால் இருக்கிற வட்ட மீற்றரில் ஊசி, குளிர்ந்திருக்கும்போது 1க்கும் 1.5 பாருக்கும் (பார் என்பது பிரஷரின் அளவு) இடையில் நிற்கவேண்டும். எங்களுடையது சில கிழமைக்கு ஒருமுறை பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், பொயிலர் நின்றுவிடும். மாதம் மாதம் காசு கட்டுகிற ஒரு காப்புத் திட்டத்தில் இருந்தோம். ஆள் வருவார், பொயிலருக்குக் கீழே இருக்கிற பின்னல் குழாயின் வால்வைத் திறப்பார், தண்ணி ஏறும், ஊசி ஏறும், போய்விடுவார். போகும்போது "இது நீங்களே செய்யலாம்" என்று காட்டியும் கொடுத்தார்கள். ஏன் இறங்குகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. கடைசியாக வந்தவர் பொயிலரைத் திறக்காமலே, வயது போய்விட்டது, மாற்றுங்கள் என்று 3,100 பவுணுக்கு ஒரு மதிப்பீடு அனுப்பிவைத்தார். சேறு படிந்து வருகிற பழுது திட்டத்தில் அடங்காது என்பது நிபந்தனைகளில் பொடி எழுத்தில் இருந்தது. இந்த வகைத் திட்டங்கள் பலவற்றில் அப்படித்தான் இருக்கிறது, உங்களுடையதையும் எடுத்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் அக்காவின் மகள் வீட்டில் வேலை செய்த இந்தத் தம்பியைப் பிடித்தோம். தனியாள், ஒரு வெள்ளை வான். கேட்காமலே, காஸ் வேலை செய்கிறவர்களைப் பதிகிற காஸ் சேஃப் அமைப்பின் அட்டையை எடுத்துக் காட்டினார். அட்டையின் பின்பக்கத்தைப் பார்க்கவேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்ததும் அவர்தான். முன்பக்கத்தில் படமும் இலக்கமும், பின்பக்கத்தில் அவர் எந்தெந்தச் சாமானில் கை வைக்கலாம் என்ற பட்டியல். அடுப்புக்கு மட்டும் தகுதி உள்ளவர் பொயிலரைத் திறக்கக்கூடாது. 2009 ஏப்ரலில் கோர்கி என்ற பழைய பதிவு போய் காஸ் சேஃப் வந்தது. இன்றைக்கும் "கோர்கி ஆள்" என்று விளம்பரம் போடுகிறவரைக் கண்டால் ஒருமுறை யோசியுங்கள்.

முதல்நாள் வந்தபோது ஸ்பனரை எடுக்கவில்லை. ஹீற்றிங்கைப் போட்டுவிட்டு அரைமணி நேரம் குசினியில் இருந்தார். பிறகு அறை அறையாகப் போய் ஒவ்வொரு ரேடியேற்றரிலும் உள்ளங்கையை மேல், நடு, கீழ் என்று வைத்துப் பார்த்து ஒரு கடதாசியில் குறித்தார். நாங்கள் எல்லாம் "ரேடியேற்றர் சூடேறவில்லை" என்று ஒரே வருத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் மூன்று வருத்தமாகப் பிரித்தார்.

மாமியின் அறை: மேலே சூடு, கீழே நடுவில் குளிர். அது சேறு. பாரமானது அடியில் படிந்து சுடுதண்ணி போகிற வழியை மறிக்கிறது. துவாய்க் கம்பி: கீழே சூடு, மேலே குளிர். அது காற்று அல்லது வாயு, திறப்புப் போட்டு வெளியேற்றலாம். பொக்ஸ் ரூம்: முழுக்கக் குளிர், ஆனால் அதற்குப் போகிற பைப்பு தரையிலிருந்து வால்வு வரை சுடுகிறது. "அக்கா, இதில சேறும் இல்லை, காத்தும் இல்லை. வால்வு பூட்டிக்கிடக்கு" என்றார். இலக்கம் போட்ட வெள்ளைத் தலையைச் சுழற்றிக் கழற்றினால் உள்ளே ஒரு சின்ன ஊசி நிற்கிறது. கோடை முழுக்க அமர்த்திக்கிடந்து அந்த ஊசி உள்ளேயே இறுகிவிட்டது. ஸ்பனரின் பக்கத்தால் மெல்லத் தட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, விரலாலும் குறட்டாலும் உள்ளே வெளியே என்று அசைத்தார். ஊசியை வெளியே இழுக்கக்கூடாது, கையோடு வந்துவிட்டால் அறையெல்லாம் தண்ணி. கொஞ்ச நேரத்தில் பொக்ஸ் ரூம் சூடேறிவிட்டது. இதற்குக் காசு கேட்கவில்லை.

அந்த ஒரு ரேடியேற்றரைக் காட்டி வீடு முழுக்கக் கழுவுவதற்கு ஒருவர் எங்களிடம் காசு வாங்கியிருக்கலாம், எங்களுக்குத் தெரிந்தேயிராது.

பிறகுதான் பிரஷரைப் பார்த்தார். குளிர்ந்திருந்தபோது 1.2. ஹீற்றிங் ஓட ஓட ஊசி ஏறி 3க்குக் கிட்டப் போனது. என்னை வெளியே கூட்டிக்கொண்டுபோய், பொயிலர் இருக்கிற சுவருக்கு வெளிப்பக்கத்தில் கீழ்நோக்கி வளைந்து நிற்கிற மெல்லிய செப்புக் குழாயைக் காட்டினார். நுனியில் ஒரு சொட்டு. சுவரில் கீழே வெள்ளைக் கறை. இந்தக் குழாயைத் தாண்டித்தான் நான் தினமும் குப்பைவாளியைத் தள்ளிக்கொண்டு போகிறேன்.

விஷயம் இதுதான். தண்ணி சூடானால் பெருக்கும். அந்தப் பெருக்கத்தை வாங்கிக்கொள்ள பொயிலருக்குள் ஒரு சிவப்பு உருளை இருக்கிறது, நடுவில் ஒரு ரப்பர் திரை, ஒரு பக்கம் தண்ணி, மறுபக்கம் காற்று. காற்றுப் போய்விட்டால் தண்ணி பெருக்க இடமில்லை, பிரஷர் ஏறும், 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணியை வெளியே விடும். குளிர்ந்த பிறகு பார்த்தால் தண்ணி குறைந்திருக்கும், ஊசி பூச்சியத்தில் நிற்கும். நாங்கள் திரும்ப நிரப்புவோம். திரும்ப வெளியே போகும். அந்த வால்வும் ஒருமுறை அழுக்கோடு திறந்தால் சரியாக மூடாது, சொட்டிக்கொண்டே இருக்கும்.

சேறு வந்த வழியும் இதுதான். ரேடியேற்றர்கள் உருக்குத் தகடு. மூடின பைப்புக்குள் இருக்கிற தண்ணியில் கரைந்திருக்கிற ஒட்சிசன் கொஞ்ச நாளில் முடிந்துவிடும், கறள் பிடிப்பதும் மெதுவாகிவிடும். ஒவ்வொரு முறை புதுத்தண்ணி ஏற்றும்போதும் புது ஒட்சிசன் ஏறுகிறது. ஒட்சிசன் நிறைய உள்ள இடத்தில் கறள் சிவப்பாக வரும், குறைந்த இடத்தில் கறுப்பாக வரும். அந்தக் கறுப்புத்தான் மக்னற்றைற்று, காந்தத்தில் ஒட்டுகிற இரும்பொட்சைட்டு. அது உருவாகிறபோது ஐதரசனும் வரும். துவாய்க் கம்பியின் மேல் இரண்டு கம்பிக்குள் அடிக்கடி வந்து நின்றது வெறும் காற்றுத்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ரேடியேற்றரில் வாயு வெளியேற்றுகிற இடத்தில் நெருப்புக்குச்சியோ சிகரெற்றோ வைத்திருக்காதீர்கள் என்று அவர் சொன்னதற்குக் காரணம் அந்த ஐதரசன், அது தீப்பற்றும்.

மாமி அறை ரேடியேற்றரின் திறப்பைக் கொஞ்சம் திருப்பி ஒரு ஜாம் போத்தலில் தண்ணி பிடித்தார். கறுப்பு. போத்தலின் வெளிப்பக்கத்தில் ஒரு காந்தத்தை வைத்தபோது உள்ளே இருந்த கறுப்பு மெல்ல நகர்ந்து காந்தம் இருந்த பக்கம் கூடிற்று. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "இதைத்தானே இவ்வளவு நாளும் சூடாக்கினனீங்கள்" என்றார்.

அவர் தந்த கணக்கு: உருளைக்குக் காற்றடித்து பாதுகாப்பு வால்வை மாற்ற 95, மருந்துகளோடு பவர் ஃப்ளஷ் (பம்ப் மெஷினால் கழுவுவது) 560, காந்த ஃபில்டர் பூட்டுக்கூலியோடு 130. கையால் எழுதின கடதாசி, ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனி வரியில். உருளையின் ரப்பர் கிழிந்திருந்தால் விலை மாறும் என்றும் எழுதியிருந்தார். அதற்கு ஒரு சின்னச் சோதனை செய்தார்: காற்றடிக்கிற வாயின் ஊசியை நகத்தால் அழுத்தினார். காற்று வந்தால் ரப்பர் நல்லது, தண்ணி வந்தால் கிழிந்துவிட்டது. எங்களுக்குக் காற்றே வரவில்லை, தண்ணியும் வரவில்லை: ரப்பர் கிழியவில்லை, காற்று மட்டும் போயிருந்தது. பொயிலரின் தண்ணிப் பிரஷரை முழுக்க இறக்கிவிட்டு, கார்ச் சில்லுக்குக் காற்றடிக்கிற பம்பால் கம்பெனி சொன்ன அளவுக்கு அடித்தார். உருளை பொயிலர் மூடிக்கு உள்ளே இருக்கிறபடியால் இது நாங்கள் தொடுகிற வேலை இல்லை.

அன்றைக்கே கழுவவில்லை. சென்டினல் எக்ஸ்400 என்ற மருந்தை உள்ளே விட்டுவிட்டு, ஒரு கிழமை வழமைபோல ஹீற்றிங்கைப் பாவியுங்கள் என்று போனார். இது அமிலம் இல்லை, இறுகின சேற்றை இளக்கி மிதக்கவைக்கும். அவசரக்காரர் வேகமான மருந்தை விட்டு அதே நாளில் மெஷினைப் போடுவார்கள், அதுவும் நடக்கும். எங்களுடையதுபோல வருஷக்கணக்காய்ப் படிந்ததற்கு ஊறப்போடுவதுதான் நல்லது என்றார். அந்தக் கிழமையில் வேறு ஒன்றும் மாறவில்லை, சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது.

கழுவின நாள் கொஞ்சம் அமளிதான். விறாந்தையிலிருந்த ரேடியேற்றரைக் கழற்றி அந்த இரண்டு பைப்பு முனையிலும் மெஷினைப் பூட்டினார். பெரிய பம்பும் தண்ணித் தொட்டியும் சேர்ந்த சாமான், சில்லு வைத்தது. ஒரு குழாய் தண்ணிக்கு, ஒரு குழாய் அழுக்கை வெளியேற்ற. அழுக்குக் குழாயைக் கீழ்க் கழிப்பறைக்குள் விட்டார். வாசலில் மழைத்தண்ணிக் கான் கைக்கெட்டின தூரத்தில் இருந்தது, அதற்குள் விட்டால் மருந்தும் கறளும் நேரே ஆற்றுக்குப் போகும், விடக்கூடாது என்றார். சுலபமான வழியிருந்தும் குழாயை இழுத்துக்கொண்டுபோய்ச் சரியான இடத்தில் விட்டதற்கு நான் தனியாக ஒரு புள்ளி போடுகிறேன்.

பிறகு ஒவ்வொரு ரேடியேற்றராக. மற்றதெல்லாவற்றையும் பூட்டிவிட்டு, மெஷினின் முழு ஓட்டத்தையும் ஒன்றுக்குள் மட்டும் விடுவார். மெஷினில் இருக்கிற ஒரு கைபிடியைத் திருப்பினால் ஓட்டம் எதிர்ப்பக்கமாக மாறும். மாற்றி மாற்றி விட்டுக்கொண்டே ரப்பர்ச் சுத்தியலால் ரேடியேற்றரின் அடிப்பகுதியில் தட்டுவார். வெளியேறுகிற குழாயில் கண்ணாடித் துண்டொன்று இருக்கிறது, அதில் நிறம் தெரியும். முதலில் மை. பிறகு கடுந்தேத்தண்ணி. பிறகு மெல்ல வெளுத்துக்கொண்டு வரும். வெளுத்ததும் அடுத்த அறை. மாமியின் அறைக்கு மட்டும் மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செலவழித்த நேரம் போனது, அப்படியும் அடியில் ஒரு பகுதி இளகவில்லை. அதைச் சுவரிலிருந்து கழற்றி, வாயில் துணி அடைத்து, பின்வளவுக்குத் தூக்கிக்கொண்டுபோய் தலைகீழாக வைத்துத் தோட்டக் குழாயைப் போட்டார். புல்லில் விழுந்த கறுப்பைப் பார்த்தபிறகு 560 பவுண் பற்றி வீட்டில் ஒருவரும் கதைக்கவில்லை.

கடைசியில் ஒரு சின்ன மீற்றரைக் குழாய்த் தண்ணியில் ஒருமுறையும் ஹீற்றிங் தண்ணியில் ஒருமுறையும் தோய்த்துக் காட்டினார். இரண்டு இலக்கமும் கிட்டக்கிட்ட வந்தால் மருந்து முழுக்க வெளியேறிவிட்டது என்று அர்த்தம். இதைச் செய்யாமல் "தெளிஞ்சிட்டுது" என்று கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. உள்ளே தங்கிய மருந்தால் பிறகு கேடு வரும், ஆகவே மீற்றரைக் கேளுங்கள்.

பிறகு இன்ஹிபிற்றர். கறள் பிடிக்காமல் தடுக்கிற திரவம், ஃபெர்னொக்ஸ் எஃப்1 போட்டார். சென்டினல் எக்ஸ்100உம் அதே வேலைதான், கையில் எது இருக்கிறதோ அது. போட்ட திகதியை ஒரு துண்டில் எழுதிப் பொயிலரில் ஒட்டினார். இங்கே இதற்கு பிஎஸ் 7593 என்று ஒரு தரக்குறிப்பு இருக்கிறது. 2019இல் திருத்தினதில், ஃபில்டர் நிரந்தரமாக இருக்கவேண்டும், தண்ணியை வருஷம் ஒருமுறை சோதிக்கவேண்டும், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இன்ஹிபிற்றரைத் திரும்பப் போடவேண்டும் அல்லது தண்ணியை முழுமையாகப் பரிசோதிக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. புதுப் பொயிலர் பூட்டினவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவேண்டும். தண்ணி அழுக்காக இருந்து பொயிலர் பழுதானால் கம்பெனிகள் உத்தரவாதத்தைக் கொடுக்க மறுக்கலாம்.

இன்ஹிபிற்றர் இருக்கிறதா என்று காசில்லாமல் பார்க்க ஒரு வழி: இரண்டு போத்தல், ஒன்றில் குழாய்த் தண்ணி, மற்றதில் ரேடியேற்றர் தண்ணி, இரண்டிலும் ஒரு பளபளப்பான இரும்பு ஆணி, மூடி வைத்துவிட்டுச் சில நாள் பொறுங்கள். குழாய்த் தண்ணி ஆணி கறள் பிடிக்கும். ரேடியேற்றர் தண்ணி ஆணியும் பிடித்தால் உள்ளே இன்ஹிபிற்றர் இல்லை அல்லது காணாது. எங்கள் மகன் இதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் ஆசிரியையிடம் பாராட்டு வாங்கிவிட்டான்.

காந்த ஃபில்டர் பொயிலருக்குத் திரும்பி வருகிற பைப்பில் பூட்டுகிற உருளை. உள்ளே பலமான காந்தம், ஓடிவருகிற கறுப்பு அதில் ஒட்டும், பொயிலருக்குள் போகாது. மக்னாகிளீன், டிஎஃப்1 என்று பல பெயரில் வருகிறது, வேலை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். தெரிவு செய்யும்போது பெயரைவிட இடத்தைப் பாருங்கள். எங்களுடையதை அலுமாரிக்குள் ஒரு மூலையில் பூட்டியிருக்கிறார். கீழே வாளி வைக்க இடமில்லை, மூடியைத் திருக ஸ்பனரை முழுக்கச் சுழற்ற முடியாது. வருஷா வருஷம் திறந்து கழுவவேண்டிய சாமானுக்கு இது நல்ல இடம் இல்லை. கேட்டதற்கு, பைப்பு அப்படித்தான் ஓடுகிறது என்றார். இன்னும் ஒரு முழம் பைப்பு போட்டிருந்தால் வெளியே கொண்டுவந்திருக்கலாம். இதற்கு ஒரு புள்ளி குறைக்கிறேன்.

இனி, இந்த முழு வேலையிலும் எனக்கு ஆகப் பிடித்த பகுதி. கழுவி முடித்த அடுத்த சனிக்கிழமை திரும்ப வந்தார், பலன்ஸ் பண்ண, அதாவது ஒவ்வொரு ரேடியேற்றருக்கும் போகிற தண்ணியைச் சமப்படுத்த. பொயிலருக்குப் பக்கத்தில் இருக்கிற ரேடியேற்றர் சுடுதண்ணியில் பெரும்பங்கை இழுத்துக்கொள்ளும், தூரத்தில் இருக்கிறதுக்கு மிச்சம்தான். எங்கள் படுக்கையறை அவிந்ததும் மாமியின் அறை குளிர்ந்ததும் பாதி சேற்றால், பாதி இதனால். ரேடியேற்றரின் மறுகாலில் ஒரு வெள்ளை மூடி இருக்குமே, திருப்பினால் சும்மா சுற்றும். அதைக் கழற்றினால் உள்ளே ஒரு தண்டு. அதைக் கொஞ்சம் பூட்டினால் அந்த ரேடியேற்றருக்குள் போகிற தண்ணி குறையும். ஒவ்வொன்றிலும் உள்ளே போகிற பைப்பிலும் வெளியே வருகிற பைப்பிலும் இரண்டு கவ்வு வெப்பமானி மாட்டி, வித்தியாசம் பார்த்துப் பார்த்துக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பினார். பழைய கணக்கு 11 பாகை வித்தியாசம். கண்டென்சிங் பொயிலருக்கு அதைவிடக் கூட, 20 பாகை வரை, விடலாம். பொறுமை வேண்டிய வேலை. ஒன்றைத் திருப்பினால் மற்றது மாறும்.

பிறகு பொயிலரில் ஹீற்றிங் தண்ணியின் சூட்டை 75இலிருந்து 60க்கு இறக்கினார். கண்டென்சிங் பொயிலர், திரும்பி வருகிற தண்ணி ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் புகையிலிருக்கிற நீராவியைத் தண்ணியாக்கி அதன் சூட்டையும் எடுக்கும். அதற்கு மேலே போனால் பெயருக்குத்தான் கண்டென்சிங். சேறு இருந்தபோது 60இல் வைத்தால் மாமியின் அறை செத்துவிடும், அதனால்தான் 75இல் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் சுடுதண்ணித் தாங்கி உள்ளவர்கள் இதை அப்படியே செய்யவேண்டாம். தாங்கியில் தண்ணி 60 பாகைக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் கிருமி வளரும்.

இன்றைக்கு வீடு எப்படி என்றால், மாமியின் அறை அடிமுதல் நுனிவரை சூடு. படுக்கையறை ஜன்னல் பூட்டிக்கிடக்கிறது. ஊசி 1.3இலிருந்து அசையவில்லை. வீட்டின் சூட்டுக்கு எது கூட உதவியது, கழுவினதா பலன்ஸ் பண்ணினதா என்று கேட்டால், நான் பலன்ஸ் என்றுதான் சொல்வேன். ஆனால் கழுவாமல் பலன்ஸ் பண்ணியிருக்க முடியாது, சொட்டை நிற்பாட்டாமல் கழுவியிருந்தால் இரண்டு வருஷத்தில் அதே மை. கழுவுகிற கம்பெனிகள் பல, மெஷினை எடுத்துக்கொண்டு போவதோடு கணக்கை முடித்துவிடும். "பலன்ஸ் பண்ணுவது விலைக்குள் அடங்குமா?" என்று போனிலேயே கேளுங்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. கழுவின நாள் எட்டுமணி என்று சொல்லிவிட்டுப் பத்தரைக்கு வந்தார், ஒரு மெசேஜ் இல்லை. பிளாஸ்ரிக் விரித்திருந்தும் படிக்கட்டுக் கார்ப்பெற்றில் கறுப்பு ஒன்று விழுந்து இன்னும் போகவில்லை. மக்னற்றைற்று துணியில் பிடித்தால் சவர்க்காரத்துக்குப் போகாது, பழைய துவாய்களை நீங்களும் விரித்துவையுங்கள். கழுவின இரண்டாம் நாள் குசினி ரேடியேற்றரின் வால்வுக் கழுத்தில் கசிவு தொடங்கியது. அழுக்குத்தான் அதுவரை ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. பழைய அமைப்பைக் கழுவினால் இது நடக்கக்கூடும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், போன் எடுத்த அன்று பின்னேரமே வந்து காசில்லாமல் இறுக்கிவிட்டார். ஐந்துக்கு நான்கு.

வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் இந்தக் காசைக் கொடுக்கவேண்டாம். இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி ஹீற்றிங்கும் சுடுதண்ணியும் ஓடும் நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. வருஷம் ஒருமுறை காஸ் சோதனைப் பத்திரமும் அவர் தரவேண்டும். தமிழ் வீட்டுக்காரர் என்று முகம் பார்த்துக் குளிரில் இருக்காதீர்கள், கை வைத்துப் பார்த்து எந்த ரேடியேற்றரில் எந்தப் பகுதி குளிர் என்று எழுதி அனுப்புங்கள். "ஹீற்றிங் சரியில்லை" என்று அனுப்புவதைவிட அதற்குப் பதில் கெதியாக வரும்.

சொந்த வீடு என்றாலும் சில வீடுகளுக்கு இந்த வேலை சரிவராது. ரேடியேற்றருக்கு வருகிற பைப்பு சின்னவிரல் தடிப்பில், 8 அல்லது 10 மில்லிமீற்றர் என்றால் அது மைக்ரோபோர். 1970களிலும் 80களிலும் கட்டின வீடுகளில் நிறைய. அதற்குள் இறுகின சேற்றை மெஷின் தள்ளிவிடும் என்று நிச்சயமில்லை, எங்கள் தம்பி அப்படிப்பட்ட வீடுகளுக்கு உத்தரவாதம் தருவதில்லை, சில நேரம் பைப்பை மாற்றவேண்டி வரும். மேல்கூரைக்குள் சின்னத் தண்ணித் தொட்டி வைத்த பழைய திறந்த அமைப்பு என்றால் பிரஷர் மீற்றரே இருக்காது, அங்கே காற்று ஏறுகிற வழி வேறு, தொட்டியைத் திறந்து பார்க்கிறவராகப் பிடியுங்கள். நாள் எடுப்பதென்றால் மே, ஜூன் மாதங்களில் எடுங்கள். தை மாதத்தில் ஹீற்றிங் இல்லாமல் ஒருநாள் இருக்கவேண்டியும் வராது, இந்த வேலை செய்கிறவர்களுக்கு அப்போது நேரமும் இருக்கும், விலையிலும் கொஞ்சம் கதைக்கலாம்.